ரேகை வளரும் வரை

என் பெயர் விழுந்திருக்கிறதாம்.
பல்லி விழும், இடி விழும், ஓலை விழும்,
பெயர் விழுந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

போன ஐப்பசியில்
குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
இதயதுல்லா கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.
மழை விடவில்லை.
சும்மா நிற்பதற்கு ஒரு சீட்டுப் போடலாம் என்று
ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு தட்டினான்.
அமெரிக்கா, குலுக்கல், வருஷத்துக்கு ஒரு தடவை.
‘ஏழு வருஷமா பாக்குறேன் அக்கா,
இந்தியாவுல பொறந்தவனுக்கு இது கெடையாது.
நீங்க எங்க பொறந்தீங்க?’
பேசாலை, என்றேன்.
முப்பத்தைந்து வருஷத்தில்
அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு முகம் மலர்ந்தது
அன்றைக்குத்தான்.

முகாமில் அந்தச் சொல்லுக்கு வேறு விலை.
கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்கும் நாளில்
என் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதை
தலைகீழாகவே படிக்கப் பழகியிருக்கிறேன்:
சட்டவிரோதமாகக் குடியேறியவர்.
அப்போது எனக்கு மூன்று வயது.
அரிச்சல்முனைக்கு இப்பால் ஒரு மணல்திட்டு,
அப்பாவுக்கு இடுப்பளவு தண்ணீர்.
அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

தண்டபாணி இந்த ஊர்க்காரர், லோடுமேன்.
ஓட்டு இருக்கிறது, ஆதார் இருக்கிறது,
எட்டு வருஷம் அலைந்தும்
அவர் ரேஷன் கார்டில் என்னைச் சேர்க்க முடியவில்லை.
இப்போது என் தாளில் அவர் பெயர்,
‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில்.
இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு
பீடியை அணைத்தார்.
‘கார்டில்லாத பொண்ணு’ என்றே கூப்பிடும் மாமியார்
அன்று மாலை
‘ஜெசிந்தா, காபி ஆறுது’ என்றார்.

மஞ்சக்குப்பம். கலெக்டர் ஆபீஸ்.
மூன்றாவது மேஜை.
‘வெளியே போக அனுமதி வேணும்னா
உள்ள வந்ததுக்கு ஆதாரம் வேணும்மா.
எந்த விசா?’
படகு சார்.
‘நம்பர்?’
படகுக்குப் பேர் இருந்தது சார், நம்பர் தெரியாது.
அவர் சிரிக்கவில்லை. கெட்டவரும் இல்லை.
கால்குலேட்டரை எடுத்து, லீப் வருஷமெல்லாம் சேர்த்து,
பன்னிரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் நாள்
அனுமதியின்றித் தங்கியதாகக் கூட்டினார்.
அபராதம் வரலாம், தள்ளுபடியும் ஆகலாம்.
இங்கிருந்து சென்னைக்கு எழுதணும்,
சென்னை டெல்லிக்கு எழுதணும்.
செப்டம்பர் கடைசியோடு சீட்டு செத்துவிடும் என்றேன்.
‘அது அவங்க காலண்டர்’ என்றார்.
என் நாட்களை இத்தனை கவனமாக
யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம் கைரேகை.
மெஷின் சிவப்பு காட்டியது.
‘நல்லாத் தொடைங்க.’
சேலையில் துடைத்தேன். சிவப்பு.
இடது கை. சிவப்பு.
எட்டாவது முடித்த கோடையிலிருந்து
முந்திரி உடைக்கிறேன்.
ஓட்டுப் பால் தோலைத்தான் தின்னும் என்று நினைத்தோம்.
பத்து விரலும்
கழுவி வைத்த ஸ்பூன் மாதிரி இருக்கின்றன.
‘மூணு வாரம் முந்திரியத் தொடாதீங்க,
தானா வளரும்’ என்றார்.
இருபத்தொரு நாள் கூலியை
மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு
சரி சார் என்றேன்.

இன்று பதினாறு.
மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.
இங்கிலீஷ் புத்தகம் ஒன்று
இதயதுல்லா கொடுத்தனுப்பியிருக்கிறான்,
காசு அப்புறம் தந்தால் போதுமாம்.
இரவில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி
கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்கிறேன்,
யாரோ பிச்சை போடப்போவது போல.
தண்டபாணி டார்ச் அடித்துப் பார்க்கிறார்.
‘ஏதாவது தெரியுதா?’

விடிகாலை, வெந்நீர்ப் பானையின் மூடி.
ஆவி படிந்த இடத்தில்
கட்டைவிரலை வைத்து எடுத்தேன்.
நடுவில் வழவழப்பு.
ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு,
பிறகு இன்னொன்று.
அது எந்தப் பக்கம் வளைகிறது என்று
குனிந்து பார்ப்பதற்குள்
மறுபடி ஆவி.